கைநாட்டு இன்ஜினியர்கள்

திங்கட்கிழமை காலையில் ஏதாவது ஒரு கலெக்டர் ஆபீஸ் பக்கம் போயிருக்கிறீர்களா? மனு வாங்கும் நாள். வாசலில், மர நிழலில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மனு எழுதித் தருபவர்கள் இருப்பார்கள். கிராமத்திலிருந்து வந்த பெரியவர் தன் கஷ்டத்தைத் தன் பாஷையில் கொட்டுவார். "வரப்பைத் தாண்டி வேலி போட்டுட்டான் சாமி." எழுதுபவர் அதைக் கேட்டுக்கொண்டே 'மேற்படி சர்வே எண்ணில் உள்ள எனது நிலத்தை ஆக்கிரமிப்பு செய்துள்ளார்' என்று ஆபீஸ் பாஷைக்கு மாற்றுவார். பெரியவர் பெருவிரலில் மை தடவி ஒற்றி எடுப்பார். மனு உள்ளே போகும்.

எழுதித் தருபவர் கெட்டிக்காரர். விண்ணப்பத்தின் அமைப்பு தெரியும், எந்த அதிகாரிக்கு எழுத வேண்டும் என்று தெரியும், பிழை விட மாட்டார். சிக்கல் ஒன்றுதான். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கைநாட்டு வைத்தவருக்குத் தெரியாது. 112-ம் சர்வே எண் 121 ஆகியிருந்தால் யார் கண்டார்கள்? பின்னால் விவகாரம் வந்தால் ரேகை யாருடையதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் சொல்ல வந்தது நிலத் தகராறு அல்ல, சாஃப்ட்வேர். கை நிறையச் சம்பளம் வாங்கும் ப்ரோக்ராமர்கள் பலர் தினமும் ஆயிரக்கணக்கான மனுக்களில் இப்படித்தான் கைநாட்டு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மனு எழுதித் தருபவரின் பெயர் ஓ.ஆர்.எம். விரித்தால், ஆப்ஜெக்ட் ரிலேஷனல் மேப்பர்.

'கம்ப்யூட்டர் சமாசாரம், நமக்கெதுக்கு' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஆஸ்பத்திரி டோக்கன், பள்ளிக்கூட ஃபீஸ், மருந்துக்கடை பில் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு டேட்டாபேஸ் இருக்கிறது. அதனிடம் தப்பாகக் கேட்டால், கால் கடுக்க நிற்பது நீங்கள்தான். சில சமயம் அதைவிட மோசமாகவும் நடக்கும். ஒரு பெண்ணைத் திருடி ஆக்கிய கதை ஒன்று பின்னால் வருகிறது.

முதலில் இந்த ஓ.ஆர்.எம். எதற்கு என்று பார்த்துவிடுவோம்.

டேட்டாபேஸ் என்பது கோடு போட்ட நோட்டுப் புத்தகங்கள் மாதிரி. ஆஸ்பத்திரி என்றால் நோயாளிகளுக்கு ஒரு நோட்டு, டாக்டர்களுக்கு ஒன்று, பில்களுக்கு ஒன்று. ஒவ்வொரு நோயாளிக்கு நேராகவும் டாக்டரின் முழு ஜாதகத்தையும் எழுத மாட்டார்கள். 'டாக்டர் எண் 7' என்று மட்டும் இருக்கும். பெயர் வேண்டுமென்றால் டாக்டர் நோட்டில் 7-ஐப் பார்க்க வேண்டும். இரண்டு நோட்டையும் எண் வைத்துச் சேர்த்துப் பார்ப்பதற்கு 'ஜாயின்' என்று பெயர். கேட்கும் பாஷை எஸ்.க்யூ.எல்.

இந்த ஏற்பாட்டின் அஸ்திவாரம் 1970-ல் போடப்பட்டது. போட்டவர் எட்கர் காட் என்ற ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை பைலட்டாக இருந்தவர், பிறகு ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர். அவருடைய கருத்தை வைத்து 1974-ல் அதே ஐ.பி.எம்.மில் டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் ஒரு கேள்வி மொழி அமைத்தார்கள். முதலில் 'சீக்வல்' என்று பெயர். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு கம்பெனியின் ட்ரேட்மார்க் என்று தெரிந்ததும் எழுத்தைக் குறைத்து எஸ்.க்யூ.எல். ஆக்கினார்கள். 1986-ல் அமெரிக்கத் தர நிர்ணயம் ஆனது. அரை நூற்றாண்டு தாண்டியும் இன்றும் அதுதான் ராஜா.

ப்ரோக்ராமர்கள் எழுதும் ஜாவா, பைத்தான், ரூபி போன்ற மொழிகளின் புத்தி வேறு. அங்கே எல்லாம் 'ஆப்ஜெக்ட்'. நோயாளி ஒரு பொருள், அவருக்குள்ளே டாக்டர், டாக்டருக்குள்ளே துறை. 'நோயாளி' என்று எழுதி ஒரு புள்ளி வைத்தால் டாக்டர், இன்னொரு புள்ளி வைத்தால் துறை. நோட்டுக்கும் பொருளுக்கும் உள்ள இந்தப் பொருத்தமின்மைக்கு, எலெக்ட்ரிகல் இன்ஜினியர்களிடம் கடன் வாங்கி, 'இம்பீடன்ஸ் மிஸ்மேட்ச்' என்று பெயர் வைத்தார்கள். ஜாதகப் பொருத்தம் இல்லாத கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சமாதானம் பேச வந்த உறவினர்தான் ஓ.ஆர்.எம்.

2001-ல் கேவின் கிங் ஜாவாவுக்காக 'ஹைபர்னேட்' ஆரம்பித்தார். 2004-ல் 'ரூபி ஆன் ரெயில்ஸ்', தனக்கான 'ஆக்டிவ் ரெக்கார்ட்'டைக் கையோடு அழைத்துக்கொண்டு வந்தது. 2005-ல் பைத்தானுக்கு 'ஜாங்கோ', 2006-ல் 'எஸ்.க்யூ.எல். ஆல்கெமி'. நீங்கள் உங்கள் பாஷையில் புள்ளி வைத்து எழுதுங்கள், எஸ்.க்யூ.எல். நான் எழுதிக்கொள்கிறேன் என்றன எல்லாம்.

நல்ல சேவை. மறுக்கவில்லை. மறுக்க வேண்டியது அதன் பிறகு வளர்ந்த மனோபாவத்தை. ஒருமுறை வேலைக்கு ஆள் எடுக்க என்னையும் கூட உட்கார வைத்தார்கள். நான்கு வருட அனுபவமுள்ள பையன். "எஸ்.க்யூ.எல். எப்படி?" என்று கேட்டேன். பரிதாபமாகப் பார்த்தான். "அதெல்லாம் இப்ப யாரு சார் எழுதறாங்க? ஓ.ஆர்.எம். பாத்துக்கும்."

பாத்துக்கும்! என்ன பார்த்துக்கொண்டது என்று இப்போது சொல்கிறேன்.

ஒரு நடுத்தர ஆஸ்பத்திரி. ஊரும் பேரும் வேண்டாம். காலையில் புறநோயாளி வரிசையில் நானூறு பேர். ரிசப்ஷனில் 'இன்றைய நோயாளிகள்' என்ற திரையைத் திறந்தால் அரை நிமிடம் சக்கரம் சுற்றும். நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்ப்பார், வரிசை நர்ஸைப் பார்க்கும். சாஃப்ட்வேர் எழுதிய இளைஞர்கள் சொன்ன வைத்தியம்: "சர்வர் பத்தலை சார். இன்னும் பெருசு வேணும்." அதற்கான செலவுப் பட்டியலும் தயார். வாங்குவதற்கு முன்னால் ஒருமுறை பாருங்களேன் என்று நிர்வாகத்தில் இருந்த நண்பர் கூப்பிட்டதால் போனேன்.

எனக்குப் பெரிய வித்தை எதுவும் தெரியாது. டேட்டாபேஸுக்குப் போகும் கேள்விகளை ஒரு ஃபைலில் எழுதிவைக்கச் சொன்னேன். லாக். அந்தத் திரையை ஒரே ஒரு முறை திறந்தோம். போன கேள்விகள் 1,201.

இளைஞர்கள் அரண்டுபோனார்கள். "நாங்க ஒரே ஒரு லைன்தான் சார் எழுதினோம்." உண்மைதான். 'எல்லா நோயாளிகளையும் கொடு' என்று ஒரு வரி. அப்புறம் பட்டியல் அச்சிடும்போது ஒவ்வொருவருக்கும் டாக்டர் பெயர், துறை, கடைசி பில் என்று மூன்று புள்ளிகள். ஓ.ஆர்.எம். என்ன செய்தது? முதல் கேள்வியில் 400 நோயாளிகளைக் கொண்டுவந்தது. பிறகு முதல் ஆளின் டாக்டர் யார் என்று ஒரு கேள்வி, துறை எது என்று ஒன்று, பில் என்ன என்று ஒன்று. அடுத்த ஆளுக்கு மறுபடி மூன்று. நானூறு மூன்றுகள் 1,200, முதலில் கேட்டது ஒன்று. அந்த ஆஸ்பத்திரியில் மொத்தம் இருந்ததே 12 டாக்டர்கள். அந்தப் பன்னிரண்டு பேரைத்தான் நானூறு தடவை விசாரித்திருக்கிறது.

மாதச் சாமான் வாங்க எப்படிப் போவீர்கள்? லிஸ்ட் எழுதி எடுத்துக்கொண்டு ஒரே நடையில் வாங்கி வருவீர்கள். உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை, கடுகுக்கு ஒரு நடை என்று 1,201 தடவை போனால் கடைக்காரரே உங்களுக்கு நல்ல டாக்டரைச் சிபாரிசு செய்வார். தொழில் வட்டாரத்தில் இந்த வியாதிக்கு 'என் ப்ளஸ் ஒன்' என்று பெயர். ஓ.ஆர்.எம். பிறந்த நாளிலிருந்தே கூட இருக்கிறது.

எழுதியபோது ஏன் தெரியவில்லை? அவர்கள் லேப்டாப்பில் இருந்தது பத்து பொய் நோயாளிகள். 31 கேள்விகள். டேட்டாபேஸும் அதே லேப்டாப்பில். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். ஆஸ்பத்திரியிலோ டேட்டாபேஸ் வேறு ஊரில், வாடகை சர்வரில். ஒரு கேள்வி போய்த் திரும்ப 25 மில்லி செகண்டு. 1,201-ஐ 25-ஆல் பெருக்கிப் பாருங்கள், 30 விநாடி. சர்வர் எத்தனை பெரிதானாலும் ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரம் குறையாது. எஸ்.க்யூ.எல்.லில் யோசித்திருந்தால் ஜாயின் போட்டு ஒரு கேள்வி, பில்லுக்கு இன்னொன்று. ஓ.ஆர்.எம்.மிலேயே அதைச் சொல்ல வழியும் இருந்தது. 'இவர்களின் டாக்டரையும் துறையையும் சேர்த்தே கொண்டுவா' என்று சொல்லும் ஒரு கட்டளை. அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அது தேவைப்படும் என்பதே தெரியாது. இரண்டு வரி மாற்றினோம். திரை உடனே வந்தது. சர்வர் வாங்கவில்லை.

இதில் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் தருவது ஒரு பழைய சண்டை. காட் வருவதற்கு முன் டேட்டாபேஸ் உலகின் பெரிய தலை சார்லஸ் பாக்மன். 1973-ல் ட்யூரிங் விருது வாங்கியபோது, ப்ரோக்ராமரை ஒரு மாலுமியாக வர்ணித்துப் பேசினார். ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்கு வழி பிடித்துப் பிடித்து, தகவல் கடலில் ப்ரோக்ராமரே கப்பலோட்டிப் போக வேண்டும். காட் சொன்னது நேர் எதிர். என்ன வேண்டும் என்று மட்டும் சொல், எந்த வழியாகப் போவது என்பதை மெஷின் பார்த்துக்கொள்ளட்டும். ஆட்டோவில் ஏறி "சென்ட்ரல் போப்பா" என்று சொல்லிவிட்டு உட்காருவதற்கும், ஒவ்வொரு முக்கிலும் "லெஃப்டுல திரும்பு, நிறுத்து, இப்ப ரைட்டு" என்று சொல்லிக்கொண்டே போவதற்கும் உள்ள வித்தியாசம். 1974-ல் இருவரும் நேருக்கு நேர் விவாதித்தார்கள். அடுத்த இருபது வருடத்தில் காட் ஜெயித்தார். 1981-ல் அவருக்கும் ட்யூரிங் விருது.

ஜெயித்து என்ன? 'நோயாளி, புள்ளி, டாக்டர், புள்ளி, துறை' என்று நம் பையன்கள் பதிவு பதிவாக நடப்பது அதே பழைய கப்பல்தானே? தோற்றுப்போன வழியைப் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்து, அதற்கு நவீனம் என்று பெயர் வைத்திருக்கிறோம். எஸ்.க்யூ.எல். ஏதோ அடிமட்ட மெஷின் பாஷை, அதை மறைத்தால்தான் நாகரிகம் என்று நினைக்கிறார்கள். எஸ்.க்யூ.எல்.லே ஒரு மேல்மட்ட மொழிதான். எந்த இண்டெக்ஸைப் புரட்டுவது, எந்த நோட்டை முதலில் திறப்பது என்ற தலைவலியை எல்லாம் அது எப்போதோ மறைத்துவிட்டது. மறைத்ததை மறுபடி மறைக்கப் போய்த்தான் 1,201.

சரி, அரை நிமிடம் காத்திருந்தால் யார் செத்துப்போவார்கள் என்று கேட்கலாம். மெதுவாக ஓடுவது சின்னத் தப்பு. பெரிய தப்பு அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இருந்தது, மருந்தகத்தில்.

அங்கே நான்கு கவுன்டர். ஒன்றில் ஒரு பெண். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், எட்டு வருட சர்வீஸ். புது சாஃப்ட்வேர் வந்ததிலிருந்து மாதக் கடைசியில் எண்ணும்போது சரக்கு குறைந்தது. கம்ப்யூட்டர் 46 அட்டை என்றால் அலமாரியில் 39. ஸ்டோருக்குப் பொறுப்பு அந்த அம்மா. முதல் மாதம் சம்பளத்தில் 640 ரூபாய் பிடித்தார்கள். அடுத்த மாதம் 910. மூன்றாவது மாதம் வீட்டுக்குக் கிளம்பும்போது கைப்பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். நான் போனபோது அவர் வேலையை விட்டுவிடுவதாக இருந்தார். "மாத்திரையைத் தூக்கிட்டுப் போய் நான் என்ன சார் செய்யப்போறேன்? கம்ப்யூட்டர் பொய் சொல்லுமான்னு கேக்கறாங்க. என்ன சொல்ல முடியும்?"

குறைந்த மருந்துகளின் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். பாரசிட்டமால், உப்புச்சர்க்கரைப் பொட்டலம், சாதா ஆன்டாசிட். எல்லாம் அற்ப விலை. பக்கத்திலேயே அட்டை ஆயிரம் ரூபாய் போகும் மருந்துகள், ஒன்றுகூடக் குறையவில்லை. இது என்ன திருட்டு? திருட வருபவர் பீரோவை விட்டுவிட்டு விளக்குமாற்றையா எடுத்துப் போவார்? குறைந்தது எல்லாமே வேகமாக விற்பவை. கூட்டம் அதிகமான நாட்களில் அதிகம் குறைந்திருந்தது.

நிரலைத் திறந்தோம். அழகான, பார்த்தாலே புரியும் மூன்று வரி. மருந்தை எடு. இருப்பில் ஒன்று கழி. சேமி. இதில் என்ன தப்பு?

முதல் கவுன்டர் பாரசிட்டமாலை எடுக்கிறது. இருப்பு 5. பில் தயாராகிறது, ஒன்றிரண்டு விநாடி. அதற்குள் மூன்றாவது கவுன்டரும் எடுக்கிறது. இன்னும் எதுவும் மாறாததால் அதற்கும் 5. முதல் கவுன்டர் ஒன்று கழித்து 4 என்று எழுதுகிறது. மூன்றாவது கவுன்டரும் தன் கையிலிருக்கும் ஐந்தில் ஒன்று கழித்து 4 என்று எழுதுகிறது. விற்றது இரண்டு அட்டை, கணக்கில் குறைந்தது ஒன்று. கம்ப்யூட்டரில் 4, அலமாரியில் 3. அந்த ஒரு அட்டைதான் அந்த அம்மாவின் கைப்பையில் தேடப்பட்டது.

பில்களை எல்லாம் கூட்டிப் பார்த்தோம். வாங்கியதில் விற்றதைக் கழித்தால் அலமாரியில் இருப்பது அட்டை சுத்தமாகச் சரி. பில் சொன்னது உண்மை. இருப்புக் கட்டம் மட்டும்தான் பொய்.

எஸ்.க்யூ.எல். தெரிந்தவர் இதை 'இருப்பு, சமம், இருப்பு கழித்தல் ஒன்று, இருப்பு பூஜ்யத்தைவிட அதிகமாக இருந்தால்' என்று ஒரே கட்டளையாக அனுப்புவார். கழிக்கும் வேலையை டேட்டாபேஸே செய்யும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் வந்தாலும் ஒருவர் முடியும்வரை மற்றவரை நிறுத்திவைக்க அதற்குத் தெரியும். அதற்காகத்தானே அதை வைத்திருக்கிறோம்? ஓ.ஆர்.எம்.களிலும் இதைச் சொல்ல வசதி உண்டு. ஹைபர்னேட்டில் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பதிப்பு எண் வைத்து, நடுவில் யாராவது மாற்றியிருந்தால் 'மாட்டேன்' என்று சொல்லவைக்கலாம். ஆனால் நீங்கள் கேட்டால்தான். கேட்காவிட்டால், 'மருந்து' என்ற பொருள் உங்கள் ஒருவர் கையில் மட்டும் இருக்கிறது என்ற இனிமையான பொய்யை அது சொல்லிக்கொண்டே இருக்கும். ஜாங்கோ, ஹைபர்னேட் போன்றவை, தனியாகச் சொல்லாவிட்டால், ஒரு கட்டத்தை மாற்றினாலும் அந்த வரிசையின் எல்லாக் கட்டங்களையும் திருப்பி எழுதும். மருந்தின் ரேக் எண்ணைத் திருத்தப் போனவர், பழைய இருப்பையும் சேர்த்து எழுதிவிட்டு வரலாம்.

இப்போது எதிர்க்கட்சி வாதங்களுக்கு வருவோம். நியாயமானவை இருக்கின்றன.

'ஓ.ஆர்.எம். நேரத்தை மிச்சப்படுத்துகிறது.' ஆமாம். ஐம்பது டேபிளுக்குச் சேர், திருத்து, அழி என்று கையால் எழுதுவது கழுதை வேலை. அதை மெஷினுக்குக் கொடுங்கள். இன்னொரு பெரிய உபகாரமும் உண்டு. பயனர் தட்டும் பெயருக்குள் எஸ்.க்யூ.எல். துண்டை ஒளித்துவைத்து உள்ளே நுழையும் 'இஞ்செக்‌ஷன்' திருட்டை, ஒழுங்காகப் பயன்படுத்தினால், ஓ.ஆர்.எம். தானாகவே தடுத்துவிடும். கையால் ஒட்டி ஒட்டி எஸ்.க்யூ.எல். எழுதிய அந்தக் காலத்து ஆட்கள் இதில் எத்தனை ஓட்டை விட்டார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் விட்டிருக்கிறேன். ஆகவே ஓ.ஆர்.எம்.மைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள் என்று சொல்லும் கோஷ்டியில் என்னைச் சேர்க்காதீர்கள்.

'நாளைக்கே டேட்டாபேஸை மாற்றிக்கொள்ளலாம்.' எத்தனை முறை மாற்றினீர்கள்? நான் பார்த்தவரை மாறுவது மேலே இருக்கும் ப்ரோக்ராம்தான். விஷுவல் பேஸிக்கில் இருந்ததை ஜாவாவில் எழுதுவார்கள், ஜாவாவில் இருந்ததை பைத்தானில் எழுதுவார்கள். அடியில் அதே நோட்டுகள் அப்படியே இருக்கும். பையன் வேலை மாறிப் போவான், ஃபேஷன் மாறும், பாரசிட்டமால் கணக்கு மாறாது. நீண்ட நாள் வாழப்போவது எதுவோ அதன் பாஷையைக் கற்றுக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்?

'கம்பைலர் உருவாக்கும் மெஷின் மொழியை யாரும் படிப்பதில்லையே, ஓ.ஆர்.எம். எழுதுவதை மட்டும் ஏன் படிக்க வேண்டும்?' இருப்பதில் வலுவான வாதம் இதுதான். பதில் இருக்கிறது. கம்பைலர் கொஞ்சம் அசட்டுத்தனம் செய்தால் ப்ரோக்ராம் கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான். ஓ.ஆர்.எம். அசட்டுத்தனம் செய்தால் நஷ்டம் நோயாளிகளின் எண்ணிக்கையோடு சேர்ந்து வளரும். பத்து பேரில் தெரியாது, நானூறில் நாறும். தவிர, கம்பைலர் உங்கள் ஒருவருக்குத்தான் வேலைக்காரர். டேட்டாபேஸ் ஊருக்கே பொதுக்கிணறு. நான்கு பேர் ஒரே சமயத்தில் வாளி போடும் இடத்தில், நான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு கயிற்றை இழுக்க முடியாது.

2006-லேயே டெட் நியூவர்ட் என்ற அமெரிக்கர் இந்த ஓ.ஆர்.எம். விவகாரத்தை வியட்நாம் போரோடு ஒப்பிட்டு ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ஆரம்ப வெற்றிகள் சுலபம், போகப் போகச் சேறு, வெளியே வர வழி தெரியாது. எனக்கு அந்த ஒப்பீடு கொஞ்சம் அதிகப்படி. சேறு ஓ.ஆர்.எம்.மில் இல்லை. வரைபடம் படிக்கத் தெரியாமல் இறங்கியதில் இருக்கிறது.

இப்போது நிலைமை இன்னும் ஒரு படி போயிருக்கிறது. ஓ.ஆர்.எம். வரிகளைக்கூட ஏ.ஐ. எழுதித் தருகிறது. மனு எழுதுபவருக்கே ஒரு மனு எழுதுபவர்! 'மருந்தை விற்கும்போது இருப்பைக் குறை' என்று கேட்டால் அந்த மூன்று அழகான வரிகளை அதுவும் கொடுக்கக்கூடும். படித்துப் பார்த்து 'நான்கு கவுன்டர் இருக்கிறதே, என்ன ஆகும்?' என்று திருப்பிக் கேட்க ஒரு மனிதர் வேண்டும். கேட்கத் தெரிந்தவருக்கு இந்தக் கருவிகள் எல்லாம் வரம். தெரியாதவருக்குக் கைநாட்டு வேகம்தான் கூடியிருக்கிறது.

அதனால் உங்கள் வீட்டில் இந்தத் தொழிலில் பிள்ளை இருந்தால் இதைக் காட்டுங்கள். நீங்களே அந்தப் பிள்ளை என்றால், மூன்று வேலை.

ஒன்று, லாகைத் திறந்து வையுங்கள். எல்லா ஓ.ஆர்.எம்.மிலும் வழி இருக்கிறது. ஹைபர்னேட்டில் ஒரு செட்டிங், எஸ்.க்யூ.எல். ஆல்கெமியில் 'எக்கோ', ரெயில்ஸ் கேட்காமலே டெவலப்மென்ட் லாகில் எழுதிவைக்கிறது. ஒரு திரைக்கு எத்தனை கேள்வி போகிறது என்று எண்ணுங்கள். வரிசை கூடக் கூடக் கேள்வியும் கூடினால் உடனே நிறுத்துங்கள்.

இரண்டு, பெரிய டேபிளைத் தொடும் கேள்விகளுக்கு முன்னால் 'எக்ஸ்ப்ளெய்ன்' என்று போட்டு டேட்டாபேஸையே கேளுங்கள். எந்த வழியாகப் போகப்போகிறேன் என்று அது சொல்லும். இண்டெக்ஸைப் பார்க்கிறதா, முழு நோட்டையும் முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

மூன்று, எண்ணிக்கை, பணம், இருக்கை, இருப்பு என்று எதை மாற்றினாலும் 'இதே நொடியில் இன்னொருவரும் இதையே செய்தால்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் தெரியாவிட்டால் அந்த நிரலை வெளியே விடாதீர்கள்.

இதற்கு எஸ்.க்யூ.எல். தெரிய வேண்டும். ஒரு மாதம், தினமும் மாலை ஒரு மணி நேரம் போதும், இந்த மூன்றையும் செய்யும் அளவுக்கு வந்துவிடும். மர நிழலில் பெருவிரலை ஒற்றும் பெரியவரை நான் குறை சொல்லவில்லை. படிக்க வேண்டிய வயதில் அவர் மாடு மேய்த்தார். பள்ளிக்கூடம் அவருக்கு வாய்க்கவில்லை. நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்து, அதில் ஒரு செமஸ்டர் டேட்டாபேஸும் பாஸ் செய்த உங்களுக்கு என்ன சாக்கு?

மருந்தகத்தில் அந்த வரியை மாற்றிய மாதம் கணக்கு ஒத்துப்போனது. பிடித்த 1,550 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். கொடுத்தார்கள், இரண்டு மாதம் கழித்து. கைப்பையைத் திறக்கச் சொன்னதற்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த இளைஞர்களைக் கீழே கூட்டிப் போய் அவரை அறிமுகப்படுத்தினேன். "இவங்கதான் சாஃப்ட்வேர் எழுதினவங்க" என்றேன். அந்த அம்மா கோபப்படவில்லை. "அப்படியா தம்பி? நல்லாத்தான் இருக்கு, பில் சீக்கிரம் வருது" என்றார். பையன்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அன்று ராத்திரி பதினோரு மணிக்கு அவனிடமிருந்து போன். "சார், ரத்த வங்கி ஸ்கிரீனுக்கு லாக் போட்டுப் பார்த்தேன். அங்கயும் அதே மூணு வரி இருக்கு."